மாமன் மடியும் பனித்தளக் கதவும்

பிச்சைமுத்துவுக்கு என்ன வேலை என்று எறையூரில் யாரைக் கேட்டாலும், "துபாய் பக்கம் ஐஸ் கம்பெனியில இருக்காரு" என்பார்கள். அது முழுக்கச் சரியில்லை. குச்சி ஐஸோ, மீன் பெட்டியில் போடும் பாளம் ஐஸோ அங்கே செய்வதில்லை. அவர் காத்து வருவது ஒரே ஒரு பனிக்கட்டி. அறுபது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம், கனம் ஒன்றேகால் அங்குலம். அதன்மேல் காலில் கத்தி வைத்த பூட்ஸ் போட்ட பிள்ளைகள் சறுக்கிக்கொண்டே போய், நீண்ட மட்டையால் ஒரு ரப்பர் வட்டை அடித்து விளையாடுவார்கள். ஐஸ் ஹாக்கி என்று பெயர். வெளியே வெயில் ஐம்பதைத் தொடும் பாலைவன ஊரில், ஒரு பெரிய கட்டடத்துக்குள் அந்தப் பனிக்கட்டி உருகாமல், கீறாமல், மங்காமல் இருக்க வேண்டும். அதுதான் வேலை.

படித்துக் கற்ற வேலை அல்ல. பத்தாவது முடித்ததும் பெரம்பலூர் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் கேன் கழுவச் சேர்ந்தவர். கேன் கழுவும் இடத்துக்குப் பின்சுவரில்தான் கம்ப்ரசர் ஓடியது. அதன் சத்தம் மாறினால் பால் கெடும் என்பதை மெக்கானிக் வந்து சொல்வதற்கு முன்பே தெரிந்துகொண்டார். எந்தக் குழாயில் கை வைத்தால் சுட வேண்டும், எதில் வைத்தால் விரல் ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஏழு வருஷம் கழித்து லப்பைக்குடிக்காட்டு ஏஜென்ட் ஒருவர் மூலமாக ஏசி மெக்கானிக் என்று விமானம் ஏறினார். போன இடத்தில் சில வருஷம் கழித்து இந்தப் பனித்தளம் கிடைத்தது.

முதல் நாள் அவரை ஒரு வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பனியை மெல்லியதாகச் சீவிக்கொண்டே போய், பின்னால் தண்ணீரை விரிக்கும் வண்டி. தொட்டியில் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் நிரப்பினார்கள். பனிமேல் சுடுதண்ணீரா, உருகிப் போய்விடுமே என்று அவர் குழாயை மூடப் போனார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சுடுதண்ணீர்தான் கீறலுக்குள் இறங்கி, கீழே உள்ள பனியோடு ஒட்டும், பச்சைத்தண்ணீர் மேலே தனிப் பொருக்காக நிற்கும் என்று பிறகு தானே பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் இருபத்துநான்கு இடத்தில் துளை போட்டு, இரும்பு ஸ்கேலை விட்டுக் கனம் பார்ப்பார். ஓரிடத்தில் ஒரு நூல் அளவு கனம் ஏறியிருந்தால் அங்கே வண்டியின் கத்தியைக் கொஞ்சம் அதிகமாக இறக்குவார். இதை யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை. பதினொரு வருஷமாகச் செய்கிறார்.

ஊரில் அவருக்கு ஒரே தங்கை, சிந்தாமணி. மீன்சுருட்டிப் பக்கம் அரங்கநாதனுக்குக் கட்டிக் கொடுத்தது. அவர்களுக்கு ஒரே பெண், முத்தமிழ். பிள்ளைக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்க வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் நடக்க வேண்டும். ஒன்றாம் வயதில் கொரோனா வந்து விமானமே இல்லை. மூன்றாம் வயதில் தளத்தின் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, பிச்சைமுத்து லீவு கேட்ட வாரத்திலேயே இரவும் பகலும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று. இப்போது ஐந்து. பிள்ளையின் தலைமுடி குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டபடி இடுப்பு வரை வளர்ந்துவிட்டது.

ஆடி மாதக் கடைசியில் சிந்தாமணி போன் செய்தாள்.

"ஆவணி பத்தொம்பது. கோயில்ல சொல்லியாச்சு. நீ வர்றியா, வரலியா?"

பிச்சைமுத்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அந்தத் தேதியைச் சுற்றி மேலாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பன்னாட்டு ஐஸ் ஹாக்கிப் போட்டி அன்றைக்குத்தான் தொடக்கம். எட்டு நாட்டு அணிகள். அந்தத் தளத்தில் அப்படி ஒன்று நடப்பது அதுதான் முதல் தடவை.

"ஒரு வாரம் தள்ள முடியாதா சிந்தாமணி?"

"ரெண்டு வாரம் தள்ளுனா புரட்டாசி பொறந்துடும். அதுக்கு நடுவுல நாளே இல்லன்னுட்டாங்க. ஐப்பசில அவளுக்கு ஆறு நடக்கும். அப்பறம் ஏழு வரைக்கும் மூளிக் காதோட பள்ளிக்கூடம் போவட்டுமா? இப்பவே கூடப் படிக்கிறதுவோ சாமியாரம்மான்னு கூப்புடுதுவோ."

"இங்க எட்டு நாட்டுலேர்ந்து புள்ளைங்க வருதும்மா."

"வரட்டும். அந்த ஐஸுக்கு மாமன் நீயா, எம் புள்ளைக்கு மாமன் நீயா? வரலன்னா சொல்லிடு. பூவரசனை உக்கார வச்சிட்டுப் போறேன். ஆனா அதுக்கப்பறம் மாமன்னு சொல்லிகிட்டு என் வூட்டு வாசப்படி ஏறாத."

பூவரசன் சித்தப்பா மகன். அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதான், உட்காரலாம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லாததுதான் பிச்சைமுத்துவை அசைத்தது.

மேலாளர் ஸ்லோவாக்கியாக்காரர். அதிகம் பேசாதவர். நான்கு நாள் லீவு தந்தார். "பனிக்குப் பொறுப்பு நீதான், நீ எந்த ஊரில் இருந்தாலும்" என்றார். பனி கெட்டு முதல் ஆட்டம் நின்றால், திரும்பி வரும்போது அந்த வண்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார் என்பதையும் சொன்னார். சத்தம் போடவில்லை. உள்ளதைச் சொன்னார்.

பிச்சைமுத்துவின் இடத்தில் நின்றவர் நூருல் அமீன். லப்பைக்குடிக்காட்டுக்காரர், அவர் வயதுதான். ஊரில் இருபது வருஷம் ஜவுளிக்கடை வாசலில் நின்று வாடிக்கையாளரை உள்ளே அழைத்தவர். மூன்று வருஷமாகத் தளத்தில் வேலை. கை சுத்தம், சொன்னதைச் செய்வார். அவருக்காகப் பிச்சைமுத்து இரண்டு தாளில் பத்தொன்பது குறிப்புகள் எழுதினார். தண்ணீர் எத்தனை டிகிரி, கத்தி எத்தனை சுற்றுக்கு ஒரு முறை மாற்றுவது, வண்டி திரும்பும்போது தண்ணீரை எங்கே நிறுத்துவது, பனி மங்கினால் உடனே ஒரு சுற்று ஓட்டுவது. எழுதி, அமீனை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பரீட்சைக்கு அனுப்புற மாதிரி அனுப்புறீங்களேண்ணே" என்றார் அமீன். "போயிட்டு வாங்க. புள்ளைக்கு என் துஆவும் உண்டு."

ஆவணி பத்தொன்பதாம் தேதி விடியும்போது எறையூரில் வேன் தயாராக நின்றது. பிச்சைமுத்துவின் மனைவி வெற்றிச்செல்வி சீர்த்தட்டுகளைத் துணி போட்டுக் கட்டினாள். பட்டுப்பாவாடை, மாலை, பழம், வெல்லம், பச்சரிசி, சிமிழுக்குள் பவுன் தோடு. பெரம்பலூர் தாண்டியதும் அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வேன் அவற்றின் பின்னால் ஊர்ந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். பிச்சைமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டார். அங்கே இப்போது ஆறரை. அணிகளின் பஸ்கள் வந்திருக்கும். ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம். அதாவது இங்கே பத்தரைக்கு.

"மச்சான் மணியப் பாத்தே வேனை ஓட்டிடுவார் போலருக்கு" என்றார் பின்சீட்டில் இருந்த ஒருவர்.

கோயில் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்புக்குள் இருந்தது. அய்யனார், இரண்டு மண் குதிரை, ஒரு தகரக் கொட்டகை. மேளக்காரர்கள் தோப்பு முனையில் வந்து எதிர்கொண்டார்கள். சிந்தாமணி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அண்ணனுக்குச் சுற்றி, ஆரத்தி நீரைத் தோப்பு முனையில் கொட்டினாள்.

பிச்சைமுத்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முத்தமிழை மடியில் வைத்தார்கள். அவள் வீடியோவில் மட்டுமே பார்த்திருந்த மாமனை அண்ணாந்து பார்த்து, "நீ போன்ல சின்னதா இருந்த" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமன் மடியில் பிள்ளை ஏறிவிட்டால், மொட்டை முடிந்து காது குத்தி முடியும்வரை மாமன் எழக் கூடாது. எழுந்தால் அடுத்த ஆள் உட்கார்ந்துதான் முடிக்க வேண்டும்.

தலையை நனைத்து, இடப்பக்கத்தில் சவரக்கத்தியை வைத்தார்கள். பாதித் தலை வழித்திருந்தபோது பிச்சைமுத்துவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

மணி ஒன்பது இருபது. அமீன்தான்.

"முத்தண்ணே, பனியக் காணலண்ணே."

"காணலன்னா?"

"மேல வெள்ளையா பொகை நிக்கிது. இடுப்பு வரைக்கும் இருக்கு. பயிற்சிக்கு எறங்குன புள்ளைங்க காலே தெரியல. மேனேஜர் வந்து..."

தொடர்பு அறுந்தது. முந்திரித் தோப்புக்குள் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. தோப்பு முனை மேட்டுக்குப் போனால் கிடைக்கும். பிச்சைமுத்துவின் கை பாயில் ஊன்றியது. உடம்பு எழுவதற்குத் தயாராகிவிட்டது. எதிரே சிந்தாமணி மாலையைப் பிடித்தபடி நின்று அந்தக் கையையே பார்த்தாள்.

அவர் கையை எடுத்துப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டார்.

"பூவரசா, இந்த போனை எடுத்துகிட்டு டிராக்டர் மேல ஏறு."

மேட்டில் பந்தல் சாமான் கொண்டுவந்த டிராக்டர் நின்றது. பூவரசன் வேட்டியை மடித்துக் கட்டி டிப்பரின் விளிம்பில் ஏறி நின்றான். பந்தலுக்கும் மேட்டுக்கும் முப்பது அடி.

"கெடச்சிடுச்சிண்ணே. என்ன கேக்கணும்?"

"பனியோட சூடு எவ்ளோ காட்டுதுன்னு கேளு."

பூவரசன் போனில் கேட்டுவிட்டுத் திரும்பினான். "மைனஸ் அஞ்சாம்."

"மிஷின் சத்தம்?"

"எப்பவும் போலத்தான் ஓடுதாம்."

பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பனி சரியாக இருக்கிறது. இயந்திரம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் மேலே நிற்பது பனியின் புகை இல்லை. வெளியிலிருந்து வந்த ஈரக்காற்று. அந்த ஊரில் ஆவணி மாதக் காலை என்பது நனைத்துப் பிழியாத துணி மாதிரி இருக்கும். கண்ணாடி போட்டவர்கள் வெளியே வந்தால் கண்ணாடி வேர்க்கும். அந்தக் காற்று உள்ளே வர ஒரே வழிதான்.

"எந்தக் கதவு தெறந்திருக்குன்னு கேளு."

"ரெண்டு பெரிய கதவும் தெறந்திருக்காம். ஆறரையிலேர்ந்து."

"எதுக்கு?"

பூவரசன் கேட்டான். பதில் வந்ததும் அதைச் சத்தமாகச் சொல்ல அவனுக்கே தயக்கமாக இருந்தது. "விருந்தாளிங்க வர்றாங்கள்ல, அதான்னு சொல்றாரு. வாசல்ல கார்ப்பெட் விரிச்சி, பேரீச்சம்பழமும் டீயும் வச்சிருக்காராம். எட்டு பஸ்ஸும் வந்து சேர்ற வரைக்கும் சாத்தலியாம்."

பந்தலில் யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை.

"நல்ல மனுசனாத்தானே தெரியுது" என்றார் அரங்கநாதன். "வர்றவங்க மூஞ்சியில கதவ சாத்துவாங்களா மச்சான்?"

பிச்சைமுத்து மனதுக்குள் பத்தொன்பது குறிப்புகளையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். கதவு அதில் இல்லை. பதினொரு வருஷமாக உள்ளே நுழைந்ததும் குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தியே பழக்கம். கால் செய்கிற வேலை என்பதால் கைக்கு எழுதத் தோன்றவில்லை. அமீன் மேல் வைக்க ஒரு குற்றமும் இல்லை. இருபது வருஷம் கடை வாசலில் நின்ற மனிதர்.

"இப்ப அவரு எங்க இருக்காரு?"

"வண்டியில ஏறிட்டாராம். சுடுதண்ணி ஊத்தியாச்சாம். பனி மங்குனா ஒரு சுத்து ஓட்டணும்னு நீங்கதான் எழுதிருக்கீங்களாம். எடுக்கவான்னு கேக்குறாரு."

பிச்சைமுத்துவின் தொடை இறுகியதை மடியில் இருந்த பிள்ளை உணர்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தது. அந்தப் புகைக்குள் சுடுதண்ணீரை விரித்தால் இடுப்பளவு இருப்பது தலைக்கு மேல் போய்விடும். அப்புறம் மத்தியானம் வரை கலையாது.

"எறங்கச் சொல்லு. வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கச் சொல்லு. சாவிய பையில போட்டுக்கச் சொல்லு."

பூவரசன் அப்படியே சொன்னான். சற்று நேரம் காதில் வைத்தபடி நின்றான்.

"எறங்கிட்டாராம்."

"ரெண்டு கதவும் சாத்தணும். ஈரம் உறிஞ்சுற மிஷின் நாலையும் முழுசா வைக்கணும். அப்பறம் புள்ளைங்கள மட்டை இல்லாம தளத்துல எறக்கி, வட்டமா மெதுவா சுத்தி வரச் சொல்லணும். ஆளுக்கொரு துண்டு கையில. விசிறிகிட்டே சுத்தணும். நாப்பது நிமிஷம். அது வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது."

"எட்டு நாட்டுப் புள்ளைங்களும் துண்டு சுத்தணுமா?" என்றான் பூவரசன்.

"எட்டு நாடும்தான்."

சொல்லி முடித்துவிட்டு, கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். மீதித் தலையும் வழிக்கப்பட்டது. குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டி, தலையில் சந்தனம் பூசி மறுபடி மடியில் வைத்தார்கள். பிச்சைமுத்து இடத்தைவிட்டு அசையவில்லை. நாற்பது நிமிடம் என்பது அவருக்குத் தெரிந்த நாற்பது நிமிடம். பனியை அவசரப்படுத்த முடியாது என்பதைப் படிப்பித்ததே அந்தத் தளம்தான். ஆனால் அவர் சொன்னபடி அங்கே செய்தார்களா, மேலாளர் பொறுத்திருந்தாரா, அதற்குள் வேறு யாராவது வண்டியை எடுத்துவிட்டார்களா என்பது மட்டும் தெரியவில்லை.

காது குத்த வந்த பத்தர் பிள்ளையின் காதில் மஞ்சள் புள்ளி வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். "தலைய நல்லா புடிச்சிக்கணும். ஆடுச்சின்னா ஓட்டை கோணிக்கும்."

பிச்சைமுத்து இரண்டு கையாலும் அந்தச் சின்னத் தலையைப் பிடித்தார். அப்போதுதான் டிராக்டர் மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, மேனேஜர். இங்கிலீஷ்ல கேக்குறாரு. ஒங்ககிட்டயே பேசணுமாம்."

மேளக்காரர் கோலைத் தூக்கியபடி நின்றார். சிந்தாமணி இந்தத் தடவை அண்ணனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை வேலையில இருக்குன்னு சொல்லு" என்றார் பிச்சைமுத்து. "ரெண்டு காதும் முடியட்டும்."

பூவரசன் போனுக்குள் சொன்னது பந்தல் வரை கேட்டது. "சார், பிரதர் சிட்டிங். நோ ஸ்டாண்டிங். டெம்பிள் ரூல்."

மேளம் முழங்கியது. முதல் காதுக்குப் பிள்ளை அழவில்லை, என்ன நடந்தது என்று தெரியவில்லை. இரண்டாவதுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை முந்திரித் தோப்பு முழுக்கக் கேட்டது. பிச்சைமுத்து தலையைப் பிடித்த பிடியை விடவில்லை. தோடு ஏறி, திருகு மாட்டி, பத்தர் கையை எடுத்த பிறகுதான் விட்டார். இரண்டு ஓட்டையும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவர் கொஞ்சம் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார்.

மணி பத்து ஐந்து.

இப்போது எழலாம். எழப் பார்த்தார், கால் மரத்துப்போய் வரவில்லை. உட்கார்ந்தபடியே கத்தினார்.

"பூவரசா, பொகை எப்படி இருக்கு?"

"கணுக்கால் வரைக்கும்தானாம். பனிமேல மட்டும் கோலப்பொடி தூவுனாப்ல வெள்ளையா ஒட்டியிருக்காம்."

"சரி. இப்ப வண்டிய எடுக்கலாம். தண்ணி விடாம. கத்திய மட்டும் எறக்கி, அந்த வெள்ளையச் சீவி எடுத்துகிட்டு ஒரு சுத்து. அதுக்கப்பறம் சுடுதண்ணி, எப்பவும் விடுறதுல பாதி."

பந்தியில் இலை போட ஆரம்பித்தார்கள். யாரும் சாப்பிட உட்காரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது மேட்டைப் பார்த்து, "சீவிட்டாரா?", "தண்ணி விட்டாரா?" என்று கேட்டார்கள். அய்யனாருக்குப் பூசை வைத்தவர்கூட, தட்டோடு வந்து, "காய்ஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்தே முக்காலுக்குப் பூவரசன் டிராக்டரிலிருந்து குதித்து ஓடி வந்தான். அமீன் அனுப்பிய படம் ஒன்று வந்திருந்தது. சிந்தாமணிதான் போனை முதலில் வாங்கினாள். கண்ணாடி போட்ட மாதிரி ஒரு வெள்ளைத் தரை. அதன் அடியில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். தரைமேல் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பறந்தார்கள். முதல் ஆட்டம் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது.

"மேனேஜர் என்ன சொன்னாராம்?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒங்களத்தான் கேப்பேன்னாராம். திரும்பி வந்ததும் நேரா வண்டிக்குப் போகச் சொன்னாராம். அவ்வளவுதான்."

பிச்சைமுத்து அதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நேராக வண்டிக்கு.

சிந்தாமணி இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினோரு வருசமா இதத்தான் காவல் காத்துகிட்டு இருந்தியா?"

"ம்."

"வழவழன்னுதான் இருக்கு" என்றாள். போனை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு விரல் சந்தனம் எடுத்து அவர் நெற்றியில் வைத்தாள். "எந்திரி. இலை போட்டாச்சு. மாமன் உக்காந்தாத்தான் மத்தவங்க உக்காருவாங்க."

"கால் வரலம்மா."

"பூவரசா, ஒங்க அண்ணனத் தூக்கு."

தூக்கி நிறுத்தினார்கள். பந்திக்குப் போகும் வழியில் பிச்சைமுத்து பத்தரிடம் பேனா வாங்கினார். காதணி விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் இருபது என்று எண் போட்டு, யார் வந்தாலும் அவரை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தவும் என்று எழுதினார். படித்துப் பார்த்து, 'உடனே' என்பதைச் சேர்த்தார். அதைப் படம் எடுத்து அமீனுக்கு அனுப்பச் சொல்லிப் பூவரசனை மறுபடி டிராக்டரில் ஏற்றிவிட்டு, நொண்டிக்கொண்டே போய் முதல் இலையில் உட்கார்ந்தார். முத்தமிழ் காதைத் தொடாமல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.